எங்கள் கூரை, எல்லாருடைய வெயில்

சோலார் மின்சாரத்தின் நன்மைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தா என்று மன்றத்தில் கேட்டார்கள். எஞ்சினியரிங் படிக்கிறவன் என்றால் அதெல்லாம் அரை மணி நேர வேலை என்று ஒரு நினைப்பு. நானும் அப்படித்தான் நினைத்து உட்கார்ந்தேன். நன்மைகளை எழுத எழுத, எங்கள் வீட்டில் நடந்த விஷயம் குறுக்கே வந்து நின்றுகொண்டது. ஆகவே அதையே எழுதுகிறேன்.

நாங்கள் கிள்ளானில் ஒரு தாமானில் இருக்கிறோம். ஒற்றை மாடி வரிசை வீடு. 2024-இல் ஒரு சனிக்கிழமை சோலார் விற்கும் இளைஞர் ஒருவர் வந்தார். நம்மவர்தான். நல்லாப் பேசினார். "அங்கிள், பத்து பேனல் போட்டா பில் ஜீரோ. ரூம் ரூமுக்கு ஏர்கோன் போடுங்க, இருபத்து நாலு மணி நேரமும் ஓடட்டும், கவலையே வேணாம்." விலை 22,000 ரிங்கிட். அரசாங்கத்தின் சோலாரிஸ் உதவித்தொகை 4,000 கழிந்தால் 18,000. ஏழே வருஷத்தில் போட்ட காசு திரும்பி வந்துவிடும் என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குத் தெரியும். மூன்று வருஷமாகப் படிக்க வைக்கிறேனே, இதற்காவது ஒரு பதில் சொல்லேன் என்பதுதான். அந்த 18,000 அப்பாவின் ஈபிஎஃப் பணம். தங்கை இந்த வருஷம் எஸ்.பி.எம். அவள் மேற்படிப்புக்கு என்று தொடாமல் வைத்திருந்தது. தப்பாகச் சொன்னால் நஷ்டம் எனக்கில்லை, அவளுக்கு.

அன்றிரவு பழைய பில்களை எல்லாம் எடுத்து வைத்துக் கணக்குப் போட்டேன். நாங்கள் மாதம் சுமார் 450 யூனிட் பயன்படுத்துகிறோம். அப்போதைய கட்டணப்படி முதல் 200 யூனிட்டுக்கு 21.8 சென், அடுத்த 100-க்கு 33.4 சென், அதற்கு மேல் 51.6 சென். மொத்தம் 154 ரிங்கிட் சொச்சம். பத்து பேனல், ஒவ்வொன்றும் 550 வாட் என்றால் 5.5 கிலோவாட். நம் நாட்டு வெயிலில், மழை மேகமெல்லாம் கழித்து, ஒரு கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு மூன்றரை யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். மாதம் 580 யூனிட் வரும். எங்களுக்கு வேண்டியதோ 450. மிச்சம் 130 யூனிட் அடுத்த மாதக் கணக்கில் சேரும், ஆனால் பன்னிரண்டு மாதம் போனால் காலாவதி. அதற்குக் காசாகக் கையில் எதுவும் கிடைக்காது.

அப்படியானால் மாதம் மிச்சமாவது 150 ரிங்கிட். போட்ட காசு திரும்பிவர ஏழு வருஷம் இல்லை, கிட்டத்தட்ட பத்து வருஷம். அந்த அண்ணன் பொய் சொன்னாரா? திரும்பத் திரும்பப் பார்த்தேன். இல்லை. அவர் கணக்கும் சரிதான், ஒரு நிபந்தனையோடு: நாங்கள் 450-ஐ விட்டு 580 யூனிட் எரிக்க வேண்டும். அதாவது, அதிகமாகச் செலவழித்தால்தான் அது சீக்கிரம் லாபமாகும்.

இதுதான் எனக்கு உறுத்தியது. 1865-இல் ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயர் நிலக்கரியைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். இயந்திரங்கள் சிக்கனமாக ஆக ஆக, நாடு நிலக்கரியைக் குறைவாக எரிக்கவில்லை, கூடுதலாகவே எரிக்கிறது என்பது அவர் வாதம். லெக்சரில் கேட்டபோது பரீட்சைக்கு ஒரு பாயிண்ட் என்று எழுதிக்கொண்டேன். எங்கள் வீட்டு ஹாலில், சோபாவில் உட்கார்ந்து, பைலைத் திறந்து அது பேசும் என்று நினைக்கவில்லை.

ஆறு பேனல் போட்டால்? 3.3 கிலோவாட். மாதம் சுமார் 345 யூனிட். மேலே இருக்கிற விலை கூடிய யூனிட்டுகள் முதலில் கழிந்துவிடும். மீதி நூற்றுச் சொச்சம் யூனிட்டுக்கு 20 ரிங்கிட்டுக்கும் கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால் போதும். மிச்சம் மாதம் 130 ரிங்கிட். விலை 14,000, உதவித்தொகை 3,000 போக 11,000. ஏழு வருஷம். ஒரு ஏர்கோனும் கூடுதலாக வேண்டாம். தங்கையின் பணத்திலும் 7,000 தப்பும். பில் ஜீரோ ஆகாது, அவ்வளவுதான். அந்த 'ஜீரோ' என்ற சொல்லில்தான் ஆசை இருக்கிறது.

இதை அப்பாவிடம் சொன்னதும் அவர் கேட்டார்: "சரிடா, அப்ப இது நல்ல காரியமா, லாபமான காரியமா?"

நம் வகுப்புகளில் பலனை எதிர்பார்க்காமல் செய் என்று படித்திருக்கிறோம். இங்கே பலனை சென் கணக்கில் எதிர்பார்த்துத்தான் செய்கிறோம். அப்படியானால் இதைப் பூமிக்குச் செய்யும் நன்மை என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை உண்டா? முதலில் இல்லை என்றுதான் எனக்குப் பட்டது. பிறகு யோசித்தேன். குடும்பஸ்தன் ஒருவன் பதினோராயிரத்தைக் கூரையில் போட்டுவிட்டுக் கணக்கே பார்க்கமாட்டேன் என்றால் அது துறவு இல்லை, பொறுப்பில்லாத்தனம். லாபம் வருவதில் தப்பில்லை. லாபத்துக்குப் போட்டுவிட்டு அதைத் தியாகம் மாதிரி வெளியில் சொல்வதுதான் தப்பு. வாட்ஸ்அப்பில் பேனல் படத்தைப் போட்டு 'பூமித் தாயைக் காப்போம்' என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். (நானும் போட்டேன். ஒப்புக்கொள்கிறேன்.)

இன்னொன்று. எங்கள் தாமானிலிருந்து கொஞ்ச தூரம் போனால் காப்பார் மின்நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். கப்பலில் வரும் நிலக்கரி அங்கே எரிகிறது. சோலார் போட்ட வீட்டிலும் இரவு ஏழு மணிக்கு மேல் ஓடுவது அந்த மாதிரி நிலையங்களின் மின்சாரம்தான். பகலில் நாம் கம்பியில் விட்டதை இரவில் யாரும் எடுத்து வைத்திருந்து தருவதில்லை. ஒரு யூனிட் கொடுத்தால் ஒரு யூனிட் கழிப்பது என்பது கணக்குப் புத்தகத்தில் நடப்பது. பகலில் நாம் கொடுப்பது பக்கத்து வீட்டுக்குப் போய், அந்த அளவுக்கு எங்கோ எரிபொருள் மிச்சமாகிறது, அது நிஜமான நன்மை. ஆனால் 'எங்க வீடு இனிமே சூரியன்லதான் ஓடுது' என்று சொல்வது பாதி உண்மை.

பேனல் எங்கே செய்தது என்றும் கேட்டேன். "டயர் ஒன், தம்பி" என்றார் அந்த அண்ணன். டயர் ஒன் என்பது வங்கிகள் நம்பிக் கடன் கொடுக்கக்கூடிய கம்பெனி என்று சொல்லும் பட்டியல். தரத்துக்கான முத்திரையும் இல்லை, நியாயத்துக்கான முத்திரையும் இல்லை. உலகத்துப் பேனல்களுக்கான சிலிக்கானில் பெரும் பங்கு சீனாவிலிருந்து வருகிறது. சின்ஜியாங்கில் உய்குர் மக்களைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டில் அமெரிக்கா 2021-இல் ஒரு தடைச் சட்டமே போட்டது. சீனா அதை மறுக்கிறது. நம் நாட்டிலும் பேனல் தொழிற்சாலைகள் இருக்கின்றன. உள்ளே போகும் சிலிக்கான் எங்கிருந்து வருகிறது என்று கிள்ளானில் இருக்கிற ஒரு மாணவன் எப்படிக் கண்டுபிடிப்பது? கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். ஒரு பிரசுரத்தை அனுப்பினார்கள். அதற்கு மேல் என்னால் போக முடியவில்லை. முடியவில்லை என்பதால் கை சுத்தம் என்று ஆகிவிடாது என்பது மட்டும் தெரியும்.

ஆனால் இதையெல்லாம் விட என்னை அதிகம் ஆட்டிவைத்தது அத்தை.

அத்தை ஐந்து மாடி பிளாட்டில் மேல் மாடியில் இருக்கிறார். லிப்ட் கிடையாது. வீட்டிலேயே ரவிக்கை தைத்துப் பிழைப்பு. மாதம் 190 யூனிட், அப்போது நாற்பத்தொரு ரிங்கிட் பில். தீபாவளிக்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு வந்தவர், மேசையில் கிடந்த பேனல் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்களுக்கு வெயில் காசு கொடுக்குது. எங்களுக்கு வெறும் சூடுதான் கொடுக்குது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் தலைக்கு மேலே இருக்கிற கான்கிரீட் கூரை மத்தியானத்தில் எப்படிக் கொதிக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் கூரையில் விழும் அதே வெயில். ஆனால் அந்தக் கூரை அவருடையது இல்லை. பொங்கலன்று நாம் எல்லாரும் ஒரே சூரியனுக்குத்தான் பானை வைக்கிறோம், பில் அனுப்பாத ஒரே சப்ளையர் அவர்தான். அவரிடம் வாங்கிக்கொள்வதற்கு மட்டும் நிலமும் கூரையும் வேண்டியிருக்கிறது.

இதில் எங்கள் தப்பு என்ன என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டேன். அத்தைக்குக் கூரை இல்லாததற்கு அப்பா காரணம் இல்லை. நாங்கள் சோலார் போடாமல் இருந்தால் அவர் வீடு ஒரு டிகிரிகூடக் குளிராது. ஆனால் கொஞ்சம் உள்ளே போய்ப் பாருங்கள். அத்தைக்கு ஒரு யூனிட் 21.8 சென்னுக்குக் கிடைத்தது எப்படி? அதிகம் எரிக்கும் வீடுகள் மேல்படிகளில் 50 சென்னுக்கு மேல் கட்டியதால். வசதியுள்ள வீடுகள்தான் முதலில் சோலார் போடுகின்றன. அந்தக் கட்டணத்தில் விலை கூடிய யூனிட்டுகள்தான் முதலில் கழிந்தன. நாங்கள் இரவில் கம்பியைப் பேட்டரி மாதிரி பயன்படுத்துகிறோம். எல்லாம் கழிந்துபோனால், 2024-இல் குறைந்தபட்சக் கட்டணம் மாதம் 3 ரிங்கிட்தான். மூன்று ரிங்கிட்டுக்கு ஒரு நாட்டின் கம்பி, கம்பம், டிரான்ஸ்பார்மர் எல்லாம் வாடகைக்கு! இவற்றைப் பராமரிக்கும் செலவு மறைந்து போவதில்லை, கூரை இல்லாதவர்கள் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்கிறது. ஒரு வீட்டால் ஒன்றும் ஆகாது. லட்சம் வீடு என்றால்?

இதற்குச் சட்டம்தான் வழி செய்ய வேண்டும், தனி மனிதன் என்ன செய்ய முடியும் என்று என் நண்பன் வாதாடினான். பாதி ஒத்துக்கொள்கிறேன். கட்டணத்தைச் சரி செய்வது அரசாங்கத்தின் வேலைதான். ஆனால் சட்டம் அனுமதிக்கிறது என்பதும் நாம் யாருக்கும் கடன்படவில்லை என்பதும் ஒன்றா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. சோலாரே வேண்டாம் என்பதும் பதில் இல்லை. நாங்கள் நிலக்கரியையே எரித்துக்கொண்டிருந்தால் அதன் புகையும் முதலில் போய்ச் சேருவது ஏர்கோன் இல்லாத வீட்டுக்குள்தான். ஆகவே போடலாம், ஆனால் தேவைக்கு மேல் ஒரு பேனலும் வேண்டாம். பில்லை ஜீரோவாக்கும் ஆசையை விட்டுவிட்டு, கம்பிக்கும் கம்பத்துக்கும் மாதம் ஏதோ ஒன்று கட்டிக்கொண்டே இருப்போம். இதுதான் நான் வந்து சேர்ந்த இடம். இது போதுமா என்றால், போதாது என்றுதான் நினைக்கிறேன்.

அப்பா ஆறு பேனலுக்குக் கையெழுத்துப் போட்டார். அந்த அண்ணனுக்கு முகம் கொஞ்சம் வாடியது, பாவம், கமிஷன் குறைந்திருக்கும். இப்போது ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அத்தை தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறார். அயர்ன் பாக்ஸ், மெஷின், பேன் எல்லாம் வெயில் இருக்கும்போதே ஓடுகின்றன. இது அம்மாவின் ஏற்பாடு. நான் இத்தனை பக்கம் கணக்குப் போட்டும் எனக்குத் தோன்றாத ஒன்று.

சென்ற மாதம் அப்படி ஒரு ஞாயிறு, நல்ல வெயில், மணி ஒன்று இருக்கும். கரண்ட் போய்விட்டது. தாமான் முழுக்க. எங்கள் வீட்டிலும்.

"என்னடா இது? மேல இவ்வளவு வெயில் அடிக்குது, பதினோராயிரம் போட்டிருக்கோம், பேன்கூட ஓடலையே?" அம்மாவுக்குக் கோபம். பேட்டரி இல்லாமல் கம்பியோடு சேர்த்துப் போட்ட சோலார் அப்படித்தான், வெளியே கரண்ட் போனால் இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிடும் என்றேன். இது யார் செய்த முட்டாள்தனம் என்று கேட்டார். நான் சொன்னேன்: "லைன்ல யாராவது ஏறி ரிப்பேர் பண்ணிக்கிட்டு இருப்பாங்கம்மா. கரண்ட் இல்லைன்னு நம்பிக் கம்பியில கை வைப்பாங்க. அந்த நேரத்துல நம்ம கூரையிலேருந்து கரண்ட் போனா ஆளு அங்கேயே போயிடுவாரு. அதுக்காகத்தான்."

சித்தப்பா அன்று சாப்பிட வந்திருந்தார். இருபது வருஷம் குத்தகையாளர்களிடம் லைன் வேலை பார்த்தவர். அவருடைய இடது கையில் ஒரு தழும்பு உண்டு. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. தட்டிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"எவ்வளவு நேரத்துல நிக்கும்?"

"ரெண்டு செகண்டுக்குள்ள, சித்தப்பா."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு "சரி" என்று சொல்லி மறுபடியும் சாப்பிட ஆரம்பித்தார். அத்தை ஒரு பழைய காலண்டர் அட்டையை எடுத்து எல்லாருக்கும் விசிறிக்கொண்டிருந்தார்.