கொடிமரத்துக்கு அப்பால்

வெளிநாட்டு வேலைக்குப் போன நம் பிள்ளைகள் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினால், பல ஊர்களில் முதலில் போய் நிற்பது ஒரு தேவாலயத்தில்தான். 1248இல் தொடங்கி 1880இல் முடிந்த கொலோன் பேராலயம், 1882இல் வேலை தொடங்கிய பார்சிலோனாவின் சக்ராதா ஃபமிலியா, ரோமில் புனித பேதுரு பேராலயம். சுந்தரபாண்டியம் ஊர்க்காரர் ஒருவர் நெற்றி நிறையத் திருநீறோடு போனாலும் வாசலில் யாரும் மதம் கேட்பதில்லை. இங்கே அப்படி இல்லை. 2024 ஜனவரியில், பழனி கோவில் வழக்கில், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கோவில் உல்லாசத்துக்கு வரும் இடமல்ல என்றது. இந்து அல்லாதோர் கொடிமரத்தைத் தாண்டக் கூடாது என்று பலகை வைக்கச் சொன்னது. சாமி மேல் நம்பிக்கையோடு வரும் வேற்று மதத்தவர் உறுதிமொழி எழுதிக்கொடுத்துவிட்டுப் போகலாம் என்றது. அப்படியானால், நம்பிக்கை இல்லாத ஒருவர் வெறுமனே பார்ப்பதால் ஓர் இடத்தின் புனிதம் குறைகிறதா?

குறையாது என்பதே என் கட்சி. நம்பிக்கை மனசுக்குள் இருப்பது. அதை எந்த வாசலிலும் சோதிக்க முடியாது. உறுதிமொழித் தாள் உண்மையான பக்தரையும் சந்தேகிக்கிறது, பார்க்க ஆசைப்பட்டவரைப் பொய் எழுதவும் தூண்டுகிறது. நடத்தையைச் சோதிக்கலாம். ரோமில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். சிஸ்டைன் சிற்றாலயத்தில் படம் எடுக்கக் கூடாது. கொலோனில் பூசை நேரத்தில் சுற்றிப் பார்க்க விடுவதில்லை. ஐரோப்பாவில் கும்பிட ஆளில்லை, அதனால் திறந்து விட்டிருக்கிறார்கள் என்று சிலர் சொல்வார்கள். புனித பேதுரு பேராலயத்துக்கு அது பொருந்தாது. கத்தோலிக்க உலகத்தின் பெரிய வழிபாட்டு மையம் அது. அவ்வளவு தூரம் போவானேன்? வேளாங்கண்ணியில் மெழுகுவத்தி ஏற்றும் கூட்டத்தில் இந்துக்கள் எத்தனை பேர்! நாகூர் தர்காவிலும் அதே கதைதான்.

காசு விஷயத்தில் மட்டும் ஐரோப்பாவுக்கு வக்காலத்து வாங்க மாட்டேன். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் வழிபாட்டுக்கு வருபவருக்குக் கட்டணம் இல்லை, சுற்றிப் பார்ப்பவருக்கு உண்டு. இஸ்தான்புல் ஹாகியா சோபியாவில் 2024 முதல் வெளிநாட்டுப் பயணிகள் சீட்டு வாங்கி மேல்மாடத்துக்குப் போகிறார்கள், கீழே தொழுகை. சாமி இருக்கும் இடம் காட்சிசாலை ஆகிவிடும் என்ற பயம் நியாயமானதுதான். (நம் ஊரிலோ கும்பிட வந்தவரிடமே சிறப்பு தரிசனத்துக்குப் பணம் வாங்குகிறோம்.)

இவற்றைவிடக் கனமான ஆட்சேபம் ஆகமத்திலிருந்து வருவது. தேவாலயம் மக்கள் கூடித் தொழும் இடம். கோவிலோ தெய்வம் வாழும் வீடு, வீட்டுக்காரருக்கு நியமம் உண்டு என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நியமப்படி கருவறைக்குள் அர்ச்சகரைத் தவிர எந்தப் பக்தரும் போவதில்லை. அங்கே இருப்பது சடங்குக்கான எல்லை. கொடிமரத்தில் போடும் கோடு ஆளைப் பிரிக்கும் எல்லை. இதே புனிதத்தின் பேரைச் சொல்லித்தான் ஒரு காலத்தில் தாழ்த்தப்பட்டவர்களை வெளியே நிறுத்தினோம். 1939 ஜூலை 8ஆம் தேதி காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர் அவர்களை அழைத்துக்கொண்டு மீனாட்சி கோவிலுக்குள் போனார். மதுரையில் மீனாட்சி இன்றும் இருக்கிறாள். அவர்கள் பக்தர்கள், இவர்கள் வேடிக்கை பார்க்க வருபவர்கள், இரண்டும் ஒன்றா என்று கேட்கலாம். ஒன்றல்ல. ஆனால் இடத்தைக் கெடுப்பது யார் என்று பார்த்தால், பக்தி ஒரு காப்பு அல்ல. அமாவாசைக்குச் சதுரகிரி மலை ஏறுபவர்கள் சுந்தரமகாலிங்கத்தைக் கும்பிடத்தான் போகிறார்கள். இருந்தும் தாணிப்பாறை அடிவாரத்தில் வனத்துறை பைகளைத் திறந்து பிளாஸ்டிக்கைத் தேட வேண்டியிருக்கிறது. 2022 டிசம்பரில் கோவில்களில் செல்பேசியைத் தடுக்கச் சொன்னதும் இதே மதுரைக் கிளைதான். அந்தத் தடை யாருடைய மதத்தையும் கேட்கவில்லை. கோவிலின் அமைதிக்கு அது செய்வதை உறுதிமொழித் தாள் செய்யப்போவதில்லை.