மூன்றும் நாற்பதும்

டாஷ்போர்டில் எஞ்சின் வடிவத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது. ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஸ்கேனரை ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் செருகினால் போனில் ஒரு எண் வரும்: பி 0171. கூடவே, கோடை அழிக்க ஒரு பட்டன். அமுக்கினால் விளக்கு அணைந்துவிடும். பழுது?

பி 0171 என்றால் எஞ்சினுக்குப் போகும் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. புகைபோகும் வழியில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் அப்படிச் சொல்ல, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் கூட்டிப் பார்த்துவிட்டு, 'இதுக்கு மேல என்னால முடியல' என்று எழுதிவைத்த குறிப்பு அது. காரணம், காற்று போகும் பக்கம் ஏதோ ஒரு ரப்பர் ஹோஸில் விழுந்த வெடிப்பாக இருக்கலாம். காற்றை அளக்கும் சென்சாரில் படிந்த அழுக்காக இருக்கலாம். ஃபியூயல் பம்ப் தளர்ந்திருக்கலாம். ஆனால் பல சமயம் முதலில் கழற்றி வீசப்படுவது அந்த ஆக்சிஜன் சென்சார்தான். அனுமனைக் கொல்லச் சொன்ன ராவணனை, தூதனைக் கொல்வது முறையல்ல என்று விபீஷணன் தடுத்தான். எல்லா ஷெட்டிலும் விபீஷணன் இருப்பதில்லை.

கோட் ஒரு சாட்சியம், அவ்வளவுதான். தீர்ப்பை நாம்தான் விசாரித்து எழுத வேண்டும். விசாரணைக்கு உதவ 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்று ஒன்று கூடவே பதிவாகியிருக்கும். கோட் விழுந்த அந்த நொடியில் வண்டியின் வேகம், எஞ்சினின் சூடு, அது இழுத்த பாரம் எல்லாம் அதில் இருக்கும். வண்டி நின்றபடி ஐடிலில் ஓடும்போது வந்த கோட் என்றால் காற்றுக் கசிவைச் சந்தேகிக்கலாம். வேகமாகப் போகையில் என்றால் ஃபியூயல் பம்ப் பக்கம் பார்க்கலாம். அழிக்கும் பட்டன் இதையும் சேர்த்தே அழித்துவிடும். ராத்திரி இரண்டு மணிக்கு அலர்ட் வந்தால் லாகைப் படிக்காமல் சர்வரை ரீஸ்டார்ட் செய்யத் துடிக்கும் கை, சாஃப்ட்வேர்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த கைதான்.

வண்டியை விற்பதற்கு முந்தின நாள் ஒருவர் கோடை அழிக்கிறார் என்று வையுங்கள். அவர் பொய் சொன்னாரா? வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை. ஆனால் வாங்குபவர் அணைந்த விளக்கை 'வண்டி நல்லா இருக்கு' என்றுதான் படிப்பார். அது தெரிந்தே அணைத்தது பொய்தான். இங்கே வண்டி அவருக்கு உடந்தையாக இருப்பதில்லை. அழித்த கையோடு 'ரெடினெஸ்' பக்கத்தைப் பார்த்தால், பல சோதனைகள் இன்னும் முடியவில்லை என்று காட்டும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய பக்கம் அது.

சரி, பழுதை உண்மையாகவே பார்த்தாகிவிட்டது. அப்புறமும் விளக்கு எரிந்துகொண்டே இருக்க வேண்டுமா? வேண்டாம். அமெரிக்காவில் 1996 மாடல் முதல் கட்டாயமான ஓபிடி 2 முறையில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. அடுத்தடுத்து மூன்று ஓட்டங்களில் சோதனை தேறினால் விளக்கு தானே அணையும். பி 0171 மாதிரியான கோட் என்றால், முன்பு சறுக்கிய அதே மாதிரி வேகத்திலும் சூட்டிலும் ஓடித் தேற வேண்டும். விளக்கு அணைந்த பிறகும் கோட் நினைவில் இருக்கும். பழுது திரும்ப வராமல் எஞ்சின் நாற்பது முறை குளிர்ந்து சூடேறிய பிறகே அழியும். அங்கே 2010 மாடல் வாக்கில் 'நிரந்தரக் கோட்' என்பதும் வந்தது. அதை ஸ்கேனரால் அழிக்க முடியாது. வண்டி சோதனையில் தேறினால்தான் போகும்.

'அதான் சாரி சொல்லிட்டேன்ல, இன்னும் என்ன?' என்று கேட்பவர் தேடுவது அந்தப் பட்டனைத்தான். மன்னிப்பதும் மறப்பதும் ஒரே வேலை என்று நினைத்துக்கொண்டு, மறக்க முடியாதவரைக் கல்நெஞ்சக்காரர் ஆக்கிவிடுகிறோம். விளக்கை மூன்றில் அணைத்துவிட்டு நாற்பது வரை நினைவில் வைத்திருப்பவர் வன்மம் பிடித்தவர் இல்லை. சறுக்கிய அதே இடத்துக்கு நாம் மறுபடி வரும்போது எப்படி ஓடுகிறோம் என்று பார்க்க அவருக்கு உரிமை உண்டு. ஆனால் நாற்பது என்பதும் ஒரு எண்தான். நாற்பத்தொன்றாவது முறையும் பழைய கோடை எடுத்துக் காட்டுபவர், பழுது வண்டியில்தான் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.