முடிந்தது என்று சொல்பவர் யார்?

ஒரு வேலை முடிந்துவிட்டது என்று சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? செய்தவருக்கா, செய்வித்தவருக்கா, அதன் பயனை நுகர்பவருக்கா? தச்சரும் கொத்தரும் கூலி கேட்டு முற்றத்தில் நின்ற காலத்திலேயே எழுந்த கேள்விதான் இது. ஆனால் இம்மூவருள் எவரும் வாய் திறவாத வேளையில், ‘முடிந்தது’ என்ற சொல் தானாகவே எழுதப்பட்டுவிடுமாயின், அதனை யாருடைய சொல்லாக நாம் கொள்வது? இன்றைய கணினித் தொழில் இப்பழங் கேள்வியைப் புதுக் கோலத்தில் நம்முன் நிறுத்தியிருக்கிறது.

மருதானையில் திரிப்போலிச் சதுக்கத்துப் பழைய பண்டகசாலைக் கட்டடங்கள் 2010களில் ‘ட்ரேஸ் எக்ஸ்பேர்ட் சிட்டி’ என்ற தகவல் தொழில்நுட்ப வளாகமாக மாற்றப்பட்டன. அங்கிருந்து சற்றுத் தொலைவில், தெமட்டகொடையில், ஒரியன் சிட்டி என்னும் மற்றொரு வளாகம். மூட்டை சுமந்தோர் உழைத்த இடத்துக்கு இன்று வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் நம் இளைஞரும் யுவதிகளும் நிரல் எழுதச் செல்கின்றனர். அவர்களது வேலையின் அமைப்பை அறியாத வாசகருக்காக அதனைச் சிறிது விளக்குதல் வேண்டும்.

மென்பொருள் எழுதுவோர் தம் நிரல்களை ஒரு பொதுக் களஞ்சியத்தில் சேர்த்து வைக்கின்றனர். எவர், எந்த நாளில், எந்த வரியை மாற்றினார் என்பதெல்லாம் அங்கே பதிவாகும். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய ‘கிட்’ என்ற கருவியும், அதன்மேல் எழுந்து 2008இல் தொடங்கிய ‘கிட்ஹப்’ என்ற தளமும் இதற்குப் பெயர்பெற்றவை. இது தவிர, செயற்றிட்டப் பலகை என்று வேறொன்று உண்டு. ‘செய்யவேண்டியது’, ‘செய்யப்படுவது’, ‘முடிந்தது’ என நிரல்நிரையாகக் கட்டங்கள் அமைந்த அப்பலகையில் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அட்டை. ஜிரா, ட்ரெல்லோ என்பன இவ்வகைப் பலகைகள். ஆக, உழைப்பு நிகழும் இடம் ஒன்று; உழைப்பைப் பற்றிய அறிக்கை தொங்கும் இடம் வேறொன்று. ஓரிடத்தில் வேலை செய்துவிட்டு மற்றோரிடத்தில் அதனை ஒப்புவிப்பது நாள்தோறும் நிகழும் சலிப்பான எழுதுவினைஞர் வேலையாயிற்று.

இவ்விரண்டையும் தாமே இணைக்கும் கருவிகள் இப்போது மலிந்துவிட்டன. ‘இன்னது நிகழ்ந்தால் இன்னதைச் செய்க’ என்ற விதியை ஒரு பட்டியலிலிருந்து தெரிந்தெடுத்து அமைத்தாற் போதும். ஒரு வரி நிரல்தானும் எழுத வேண்டியதில்லை. 2011இல் தோன்றிய சாப்பியர் இத்தகையது. ட்ரெல்லோ 2018இல் வாங்கித் தன்னுடன் சேர்த்துக்கொண்ட ‘பட்லர்’ என்பதும் இத்தகையதே. (பட்லர் என்றால் வீட்டுப் பணியாள், முதலாளிகள் தம் கருவிகளுக்குப் பெயரிடும்போதுதான் எவ்வளவு வெளிப்படையாகப் பேசிவிடுகிறார்கள்!) நிரலாளர் தம் மாற்றத்தைப் பிரதான கிளையில் இணைத்த கணத்திலேயே, பலகையில் உரிய அட்டை ‘முடிந்தது’ என்ற கட்டத்துக்குத் தானாக நகர்ந்துவிடும்.

இதனை வெறுப்பவர்களோடு நாம் சேர்வதற்கில்லை. ஒரே செய்தியை ஈரிடத்தில் எழுதுவதில் மனித மாண்பு எதுவும் அடங்கியிருக்கவில்லை. இயந்திரம் ஏற்கக்கூடிய சலிப்பை மனிதரின் தலையில் ஏற்றி வைப்பதை உழைப்பின் பெருமை என்று பாடுவோர், அச்சலிப்பை ஒருநாளும் சுமந்திராதவர்கள். மேலும், நிரல் அறியாத ஒருவரும், அதாவது மென்பொருளைச் சோதிப்பவரோ கைந்நூல் எழுதுபவரோ கூட, தம் வேலையின் ஒழுங்கைத் தாமே அமைத்துக்கொள்ளலாம் என்பது அறிவின் தனியுரிமை ஒன்று தளர்வதாகும். அதனை நாம் வரவேற்கிறோம். ஆயினும் அட்டை நகர்வது ஒன்று, வேலை முடிவது வேறொன்று. இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ள மருதானைப் புகையிரத நிலையமே நமக்கு உதவும்.

ஒற்றைப் பாதையிற் செல்லும் வண்டியின் சாரதி, வழியுரிமைக்கு அடையாளமாக ஓர் உலோக வில்லையைப் பெற்றுச் செல்வது பழைய முறை. ஒரு பகுதிக்குரிய வில்லைகளுள் ஒன்று வெளியே எடுக்கப்பட்டிருக்கும்போது இன்னொன்று பெட்டியிலிருந்து வெளிவராதவாறு இரு நிலையங்களின் கருவிகளும் பூட்டப்பட்டிருக்கும். விதியை இரும்பிலே வார்த்த இவ்வேற்பாட்டையும் நிரலின்றி அமைந்த ஒரு தன்னியக்கம் எனலாம். அது தவறான அனுமதியைத் தர மறுக்கும். ஆனால் வண்டி வந்து சேர்ந்தது என்று அது சொல்வதில்லை. பிரித்தானியப் புகையிரத மரபில், கடைசிப் பெட்டியின் வால்விளக்கைக் கண்ணாற் கண்ட பின்னரே, வண்டி அப்பகுதியை விட்டு நீங்கிற்று என்று பணியாளர் மணியடித்து அறிவிப்பார். வால்விளக்கு இல்லையேல், பின்பெட்டிகள் கழன்று பாதையிலேயே நிற்கின்றன என்று அவர் அஞ்ச வேண்டும். இயந்திரம் வந்துவிட்டதால் வண்டி வந்துவிட்டதென்று கொள்ளும் உரிமை அவருக்கில்லை.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கொழும்பைச் சூழ்ந்த பாதைகளில் மின் சமிக்ஞைகள் அமைக்கப்பட்டன. அவற்றின் மத்திய கட்டுப்பாட்டுப் பலகை மருதானை நிலையத்திலேயே நிறுவப்பட்டது. இத்தகைய அமைப்புகளில் வால்விளக்கைப் பார்க்கும் கண்ணின் வேலையைப் பெரும்பாலும் மின்னோட்டமே ஏற்றுக்கொள்கிறது. அப்படியாயின் மனிதரின் சாட்சியம் அங்கே தேவையற்றுப் போகவில்லையா என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அங்கே மின்னோட்டம் தண்டவாளத்தின் வழியே பாய்ந்து வண்டியின் சக்கரத்தையே உணர்கிறது. பொருளையே தொட்டறிந்து பேசும் இயந்திரத்தின் சாட்சியத்தை நாம் ஏற்கலாம். செயற்றிட்டப் பலகையின் விதி எதைத் தொடுகிறது? வேலையைப் பற்றி எழுதப்பட்ட ஒரு குறிப்பை மட்டுமே. நிரல் இணைக்கப்பட்டது என்பதை அது அறியும். அந்நிரல் ஒரு நோயாளியின் மருந்தளவைச் சரியாகக் கணிக்கிறதா என்பதை அறியாது. தன்னியக்கச் சோதனைகள் உள்ளனவே என்பர். உண்மைதான், அவை நிரலை இயக்கிப் பார்க்கின்றன. ஆனால் எவரேனும் முன்கூட்டி எண்ணிப் பார்த்த பிழைகளை மட்டுமே அவை தேடும். கழன்ற பெட்டியை எண்ணிப் பாராத சோதனைக்கு வண்டி எப்போதும் முழுமையாகவே வந்து சேரும்.

ஒரு பலகைக்காக இத்தனை கவலையா என்று எண்ணுதல் வேண்டா. பதிவை உண்மையாகக் கொள்ளும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பிரித்தானியத் தபாற் கந்தோர்களின் கதை காட்டிற்று. அங்கே புஜிற்சு நிறுவனத்தின் ‘ஹொரைசன்’ என்ற கணக்கு முறைமை, குறைபாடுகளின் விளைவாக, இல்லாத பணப் பற்றாக்குறையைக் காட்டியது. 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கு மேற்பட்ட உபதபாலதிபர்கள் குற்றவாளிகளெனத் தீர்க்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர்; பலர் இருந்ததை விற்று, எடுக்காத பணத்தைக் கட்டினர். தெற்காசியாவிலிருந்து குடிபெயர்ந்த குடும்பத்தினரும் அவர்களுட் பலர். கணினி சரியாகவே இயங்கியது என்று முற்கொள்ளும் சட்ட ஊகத்தின்முன், நான் எடுக்கவில்லை என்ற மனிதக் குரல் எடுபடவில்லை. 2024 மே மாதத்தில் பாராளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியே அத்தீர்ப்புகளுட் பெருந்தொகையானவற்றை நீக்க வேண்டியதாயிற்று.

இனி, விதியை எழுதுபவர் யார் என்ற விடயத்துக்கு வருவோம். நிரலறிவு தேவையில்லை என்பதனால் எல்லோரும் விதி எழுதலாம் என்றாகிவிடாது. முன்னர் அறிவின்மை தடுத்தது. இப்போது அனுமதியின்மை தடுக்கிறது. ஜிரா போன்ற பலகைகளில் விதி அமைக்கும் உரிமை பொதுவாக நிர்வாகியென்று குறிக்கப்பட்டவர் கையில் உள்ளது. மூன்று நாள் அசையாத அட்டையைச் சிவப்பாக்கி மேலாளருக்கு அறிவிக்க ஒரு விதி எழுதுவது இரண்டு நிமிட வேலை. மூன்று நாள் அசையாதிருந்தவர் சிந்தித்துக்கொண்டிருந்தாரா, தாய்க்குச் சுகவீனமா, அட்டையே தவறாக எழுதப்பட்டதா என்று விதி கேட்பதில்லை.

இப்பலகையின் மூலம் யப்பானின் டொயோட்டாத் தொழிற்சாலை. அங்கே தாயிச்சி ஓனோ வகுத்த ‘கன்பன்’ அட்டை முறையையே மென்பொருள் உலகம் இரவல் பெற்றது. ஆனால் அத்தொழிற்சாலையில் அட்டையோடு கூட ஒரு கயிறும் இருந்தது. பிழை கண்ட எந்தத் தொழிலாளியும் அதனை இழுத்து உற்பத்தியை நிறுத்தலாம். அதற்கும் முன்னோடியாக, 1924இல் டொயோடா குடும்பத்தார் முழுமையாக்கிய தறி, நூல் அறுந்ததும் தானே நின்றுவிடும். ஓடுவதற்கு மட்டுமன்றி நிற்பதற்கும் அங்கே விதி இருந்தது. டொயோட்டாவைத் தொழிலாளர் சுவர்க்கம் என்று நாம் சொல்லவில்லை. அங்கும் வேகத்தின் கொடுமை உண்டு. ஆயினும் அட்டையை எடுத்துக்கொண்டவர்கள் கயிற்றை விட்டுவந்தது தற்செயலன்று.

ஆகவே நாம் வேண்டுவன சிலவே. நகலெடுப்பதை இயந்திரம் செய்க. ஆனால் ‘முடிந்தது’ என்ற கடைசிக் கட்டத்துக்கு அட்டையை நகர்த்துவது ஒரு மனிதரின் கையாகவே இருக்கட்டும். அவர் பார்த்தவர், பதில் சொல்பவர். ஒவ்வொரு விதியும் யார் எழுதியது, எப்போது எழுதியது என்ற குறிப்போடு எல்லோர் கண்ணிலும் படட்டும். அவ்விதிக்குக் கீழ்ப்பட்டு உழைப்பவருக்கு அதனை நிறுத்திவைக்கும் உரிமையும் இருக்கட்டும்.

கொழும்பில் இதற்குத் தனியான அவசரமுண்டு. வேலை செய்விப்போர் பலர் இலண்டனிலும் அமெரிக்காவிலும் இருக்கின்றனர். உழைப்பவரின் முகத்தை அவர்கள் காண்பதில்லை, பலகையையே காண்கின்றனர். இந்நாட்டின் 1954ஆம் ஆண்டுக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி என்று வேலைநேரத்தை வரையறுத்தது. இரவு பதினொரு மணிக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு சிற்றறையிலிருந்து நிரல் இணைக்கப்படும்போதும் அட்டை பகலிற்போலவே நகர்கிறது. அது எத்தனையாவது மணிநேரம் என்று கேட்கும் விதியை இதுவரை எந்த நிர்வாகி பட்டியலிலிருந்து தெரிந்தெடுத்திருக்கிறார்?