கைதட்டலும் கடப்பாடும்

கலை யாருக்குச் சொந்தம் என்னும் வினா பழையது. எனினும் ஒவ்வொரு தலைமுறையும் அதனைத் தனது அநுபவத்தின் வழியாகப் புதிதாக எதிர்கொள்ள வேண்டியிருக்கின்றது. இன்று மேற்கு ஐரோப்பிய நகரங்களிலே, சிறு மண்டபங்களிலும் கோடைகாலத் திறந்தவெளி அரங்குகளிலும், இளைஞர் நால்வரோ ஐவரோ கூடி ஒரு வகை இசையை வாசிப்பதைப் பரவலாகக் காணலாம். ஒருவர் கையில் வயலின். இருவர் கையில் கிற்றார். பின்னால் ஆளுயரத்துக்கு நிற்கும் டபிள் பாஸ். சில வேளைகளில் ஓர் அக்கோடியன். தமது நாட்டுக் கிராமியப் பாடல்கள் சிலவற்றை வாசித்த பின்னர், 'ஜிப்ஸி ஜாஸ்' என வழங்கும் துள்ளிசைக்கு மாறுவார்கள். சபையோரின் கால்கள் தாமாகவே தாளமிடும். இத்தகைய இளைஞருட் பலர், அவ்விசைக்குப் பெயர் கொடுத்த மக்கட் கூட்டத்தில் பிறந்தவர்களல்லர்.

இங்குதான் நமது வினா எழுகின்றது. ஒரு மக்கட் கூட்டத்தின் இசையை மற்றவர் எடுத்து வாசிக்கலாமா? வாசிக்கலாமெனில், அதனை ஆக்கித் தந்த மக்களுக்கு வாசிப்பவரும் கேட்பவரும் பட்டுள்ள கடன் யாது? இதற்கு இரண்டு விடைகள் வழக்கிலுள்ளன. இரத்தத்தால் உரியவனுக்கே இசை உரியது என்பது ஒன்று. கலை எல்லாருக்கும் பொது, ஆதலால் எவருக்கும் எக்கடனுமில்லை என்பது மற்றொன்று. ஒன்றுக்கொன்று எதிராகத் தோன்றும் இவ்விரு விடைகளும் வரலாற்றை மறந்தவை என்பதே நமது கருத்து.

முதலில் இவ்விசையின் பிறப்பை நோக்குவோம். 1910ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், பெல்ஜிய நாட்டின் லிபர்ஷி என்னும் சிற்றூரில், ஊரூராகச் செல்லும் குடும்பமொன்றிலே ஜாங்கோ ரைன்ஹார்ட் பிறந்தார். அவருடைய மக்கள் 'மனூஷ்' எனப்படுவோர். அவர்களது மொழியில் அச்சொல்லுக்கு மனிதன் என்பதே பொருள். நாம் அன்றாடம் வழங்கும் 'மனுஷன்' என்ற சொல்லும் அதுவும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. ஐரோப்பாவெங்கும் பரந்து வாழும் றோமா மக்களின் மொழி இந்திய மண்ணிலிருந்து சென்றது என்பதை 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே மொழியறிஞர் கண்டு சொல்லிவிட்டனர். நமது நாட்டின் சிங்கள மொழி எந்த இந்தோ ஆரியக் குடும்பத்தைச் சேர்ந்ததோ, அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான் அம்மொழியும்.

ஜாங்கோ பள்ளிக்கூடத்திற் பயின்றவரல்லர். இசைக்குறியீடுகளைப் படிக்கவும் அறியார். பாரிஸ் நகரத்து உழைக்கும் மக்கள் ஓய்வு நாள்களிற் கூடி ஆடிய நடனச்சாலைகளில், அக்கோடியனுக்குத் துணையாகப் பான்ஜோ வாசித்துப் பிழைத்தவர். 1928ஆம் ஆண்டு, அவருக்கு 18 வயதாயிருந்தபொழுது, அவரது கூண்டு வண்டி தீப்பற்றி எரிந்தது. மனைவி விற்பனைக்கென்று செலுலோயிட்டினாற் செய்து வைத்திருந்த பூக்களே நெருப்புக்கு இரையாகிப் பெருந்தீயை மூட்டின. இடக்கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் ஏறக்குறையப் பயனற்றுப் போயின. எஞ்சிய விரல்களைக் கொண்டு அவர் கிற்றாரை மீண்டும் முதலிலிருந்து கற்றார். வறுமையின் விபத்தொன்று ஒரு புதிய வாசிப்பு முறைக்குக் காரணமாயிற்று.

1934ஆம் ஆண்டில் வயலின் கலைஞர் ஸ்டெபான் கிரப்பெல்லியுடன் சேர்ந்து பாரிஸில் ஐவர் குழுவொன்றை அவர் அமைத்தார். ஒரு வயலின், மூன்று கிற்றார்கள், ஒரு பாஸ். முரசு இல்லை, ஊதுகருவி இல்லை. முரசின் வேலையைக் கிற்றார்களே செய்தன. தந்தியை மீட்டியவுடன் விரலைத் தளர்த்தி ஒலியை அடக்கி, மீண்டும் மீட்டித் தாளத்தை உந்தும் அம்முறையை அக்கலைஞர் 'பொம்ப்' என்பர். அமெரிக்காவில் அடிமைகளாக விற்கப்பட்ட கறுப்பு மக்களின் சந்ததியார் படைத்த ஜாஸ். ஓவேர்ண் மலைநாட்டிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் பிழைப்புத் தேடிப் பாரிஸுக்கு வந்தோர் வளர்த்த 'மியூஸெற்' நடன இசை. மனூஷ் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த தந்தி வாசிப்பு: இம்மூன்றும் அங்கே கலந்தன. கிரப்பெல்லியும் இத்தாலியத் தந்தைக்குப் பிறந்து, சிறுவயதில் தெருவில் வாசித்துக் காசு சேர்த்தவரே. ஆகவே இவ்விசை ஓர் இனத்தின் தூய ஊற்றிலிருந்து பெருகியதன்று. வறியவர்கள் வறியவர்களிடமிருந்து கற்றுக் கொண்டதன் விளைவே அது.

இதனைக் கண்டபின், இரத்தத்தின் உரிமை என்னும் முதல் விடை நிலைக்குமா? இசைக்கு இரத்தச் சான்று கேட்டவர்கள் யார் என்பதையும் நினைவு கூர்தல் வேண்டும். 1938ஆம் ஆண்டில் ஜேர்மனியின் டுஸ்ஸல்டோர்வ் நகரிலே 'சீரழிந்த இசை' என்ற பெயரில் நாஸிகள் ஒரு கண்காட்சி நடத்தினர். சாக்ஸபோன் ஊதும் கறுப்பு மனிதனின் கேலிச் சித்திரத்தை வரைந்து, அவன் சட்டையில் யூதரின் நட்சத்திரத்தைக் குத்தியதே அதன் விளம்பரம். ஹங்கேரிய இசை மேதை பேலா பார்ட்டோக், கிராமங்கள் தோறும் சென்று உழவர் பாடல்களை ஆயிரக்கணக்கிற் சேகரித்தவர். பாசிசத்தை வெறுத்துத் தாயகத்தை விட்டு வெளியேறியவர். அவர் 1942ஆம் ஆண்டில், இசையில் இனத்தூய்மை பற்றி எழுதிய கட்டுரையிலே, மக்களிடையே நிகழும் கொடுக்கல் வாங்கலே நாட்டாரிசைக்கு வளம் சேர்த்தது என்ற முடிவுக்கு வந்தார். தூய்மை வாதம் ஒடுக்கப்பட்டோரைக் காக்கும் வேலி போலத் தோன்றலாம். ஆனால் அவ்வேலிக்கு முதன்முதலில் முள் நட்டவன் ஒடுக்கியவனே என்பதை மறத்தலாகாது. எனவே அவ்விளைஞருக்கு வாசிக்க உரிமையுண்டு. இதில் நமக்கு ஐயமில்லை.

ஆனால் உரிமை உண்டு என்றவுடன் விசாரணை முடிந்துவிடுவதில்லை. 'கலைக்கு எல்லையில்லை, கேட்போம், மகிழ்வோம், கலைந்து செல்வோம்' என்ற இரண்டாவது விடையைப் பார்ப்போம். கேட்பதற்கு இனியது, ஆயின் கைதட்டலின் வரலாறு அவ்வளவு இனியதன்று.

பிரான்ஸ் நாட்டிலே 1912ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. நாடோடிகள் என வகுக்கப்பட்டோரில் 13 வயதைக் கடந்த ஒவ்வொருவரும், உடலின் அளவுகளும் விரலடையாளங்களும் பதியப்பட்ட ஏடொன்றைச் சுமந்து திரிய வேண்டும். ஊருக்குள் வரும்பொழுதும் போகும்பொழுதும் அதிகாரிகளிடம் காட்டி ஒப்பம் பெறவேண்டும். 1940ஆம் ஆண்டு ஏப்ரலில், ஜேர்மன் படை பாரிஸில் நுழையுமுன்பே, அவர்கள் நடமாடுவதைத் தடைசெய்யும் கட்டளை பிறந்தது. பின்னர் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் பிரெஞ்சு மண்ணிலேயே முகாம்களில் அடைக்கப்பட்டனர். பாரிஸ் விடுதலை பெற்றது 1944ஆம் ஆண்டு ஓகஸ்டில். அம்முகாம்களில் இறுதியாக எஞ்சியோர் வெளியே வந்தது 1946ஆம் ஆண்டில். விடுதலையின் மணியோசை அவர்களுடைய முட்கம்பியைத் தாண்டிச் செல்ல ஏறத்தாழ இரண்டாண்டுகள் பிடித்தன.

இதே ஆண்டுகளிலே பாரிஸ் மண்டபங்களில் ஜாங்கோவுக்குக் கைதட்டல் ஓயவில்லை. 1940ஆம் ஆண்டில் அவர் ஆக்கிய 'நுவாஜ்' என்ற மெட்டு அந்நகரமெங்கும் ஒலித்தது. மேகங்கள் என்பது அதன் பொருள். மறுபுறத்தில், ஆஷ்விட்ஸ் பிர்க்கனாவிலிருந்த ஜிப்ஸி முகாமில் எஞ்சியிருந்த நாலாயிரத்துக்கு மேற்பட்ட ஆண், பெண், குழந்தைகள் 1944ஆம் ஆண்டு ஓகஸ்ட் 2ஆம் திகதி இரவிலே நச்சுவாயுவுக்கு இரையாக்கப்பட்டனர். ஐரோப்பா முழுவதிலும் கொல்லப்பட்ட றோமா, சிந்தி மக்களின் தொகை இரண்டரை லட்சத்துக்கும் ஐந்து லட்சத்துக்கும் இடைப்பட்டதென வரலாற்றாசிரியர் மதிப்பிடுகின்றனர். ஜாங்கோவும் 1943ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்துக்குத் தப்பிச் செல்ல முயன்றார், முடியவில்லை. ஒரு நகரம் முழுவதும் தன்னைப் பாராட்டுகின்றது என்பதை அறிந்த கலைஞன், அந்நகரத்தை விட்டு ஓட முயல்கிறானென்றால், அப்பாராட்டின் பெறுமதி என்ன என்பதை அவனே நன்கு அளந்திருந்தான் எனலாம்.

இங்கே நாம் ஒரு பொது உண்மையைக் காண்கின்றோம். ஒரு மக்களை ஒடுக்கும் சமுதாயம் அவர்களுள் ஒருவனை மாத்திரம் தலைமேல் தூக்கி வைத்துக் கொள்வதுண்டு. அவ்விதிவிலக்கு, விதியை உடைப்பதில்லை, அதற்கு மெருகூட்டுகின்றது. 'நாம் அவர்களை வெறுப்பவர்களா? அவர்களுடைய இசையை எவ்வளவு நேசிக்கிறோம், பாருங்கள்!' என்று நெஞ்சை நிமிர்த்த அது உதவுகின்றது. மேதையை நேசிப்பது கடினமன்று. மேதைமை இல்லாத சாதாரண மனிதனை, அயல்வீட்டுக் காரனாகவும் வகுப்புத் தோழனாகவும் ஏற்பதே ஒழுக்கத்தின் உரைகல். ஒருவன் மனிதனாக மதிக்கப்படுவதற்கு அற்புதமாக வாசித்துக் காட்ட வேண்டுமென்றால், வாசிக்கத் தெரியாதவன் கதி யாது?

இன்னொரு மயக்கத்தையும் குறிப்பிட வேண்டும். கூண்டு வண்டி, விறகுத் தீ, கவலையற்ற நாடோடி, கட்டற்ற சுதந்திரம் என்றவாறு 19ஆம் நூற்றாண்டு முதல் பூர்ஷ்வாக் கற்பனை தீட்டிய சித்திரமொன்று உண்டு. இன்றும் இத்தகைய நிகழ்ச்சிகளின் விளம்பரங்களில் அதனைக் காணலாம். மெய்யான வரலாறோ வேறு. ருமேனியப் பிரதேசங்களான வலாக்கியாவிலும் மொல்டாவியாவிலும் இம்மக்கள் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மடங்களுக்கும் பிரபுக்களுக்கும் அரசுக்கும் உடைமையான அடிமைகளாயிருந்தனர். விருந்துகளில் வாசித்த இசைஞரும் விலைக்கு விற்கக்கூடியவர்களே. பிற இடங்களில் அவர்கள் அலைந்தமைக்கு அலையும் ஆசை மாத்திரம் காரணமன்று. தங்கிய இடத்திலிருந்து துரத்தப்பட்டமையும் காரணம். இன்று ஐரோப்பிய றோமா மக்களுட் பெரும்பான்மையோர் நிலையாகக் குடியிருப்பவர்கள். தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் கட்டுண்டு கிடப்பவன் தன் இழந்த சுதந்திரத்தைப் பிறரது வறுமையிலே கண்டு ஏங்குகின்றான். அவ்வேக்கம் இரங்கத்தக்கது, ஆனால் அது பொய்யான காட்சி.

பெயரிலும் அப்பொய் ஒட்டியிருக்கின்றது. எகிப்திலிருந்து வந்தவர்கள் என்ற தவறான எண்ணத்திலிருந்தே 'ஜிப்ஸி' என்னும் சொல் பிறந்தது. 1971ஆம் ஆண்டு ஏப்ரலில் லண்டனுக்கு அருகிற் கூடிய முதலாவது உலக மாநாட்டில் அம்மக்களின் பிரதிநிதிகள் தமக்கு 'றோமா' என்ற பெயரை ஏற்றுக்கொண்டனர். அவர்களுட் சிலர் பழைய சொல்லைப் பொருட்படுத்துவதில்லை; பலர் அதனை இழிசொல்லாகவே கருதுகின்றனர். நமது நாட்டிலே தெலுங்கு பேசி வாழும் அகிகுண்டிக மக்களையும் ஆங்கில ஏடுகள் இதே சொல்லால் அழைப்பதுண்டு. வெவ்வேறு மொழியும் வரலாறும் உடைய மக்களை ஒரே பெயருக்குள் அடைத்துவிடும் சொல், அவர்களை அறிந்துகொள்ளும் ஆவலிலிருந்து பிறந்ததன்று.

அப்படியாயின் இளங்கலைஞர் செய்யவேண்டியது யாது? இவ்விடத்தில் ஒரு நியாயமான மறுப்பு எழக்கூடும். 'இருபது வயதுப் பிள்ளைகள் மகிழ்ச்சிக்காக வாசிக்கிறார்கள். அவர்கள் தலையில் ஐரோப்பாவின் பாவங்களையெல்லாம் ஏன் ஏற்றுகிறீர்கள்? இசைக் கச்சேரியை அரசியற் கூட்டமாக்க வேண்டுமா?' மகிழ்ச்சி நமக்குப் பகையன்று. துன்பத்தின் நடுவே ஆக்கப்பட்ட இவ்விசை, துன்பத்தைப் பற்றி ஒப்பாரி வைக்காமல் துள்ளுகின்றது என்பதே அதன் பெருமை. மேடையில் ஒவ்வொரு மெட்டுக்கும் முன்னர் ஒரு சொற்பொழிவு நிகழ்த்துமாறு நாம் கேட்கவில்லை.

நாம் கேட்பது ஆசிரியர்களும் மாணவர்களும் எளிதில் உணரக்கூடிய ஒன்று. கற்றவன் தனக்குக் கற்பித்தவனை மறைக்கலாமா? மனூஷ், சிந்திக் குடும்பங்களிலே இவ்விசை ஏட்டின் வழியாக அன்றி, தந்தையிடமும் மாமனிடமும் அண்ணனிடமும் செவிவழியாகக் கற்கப்பட்டு வந்தது. அல்சாஸ் பகுதியிற் பிறந்த பிரேலி லக்ரென் பதின்மூன்று வயதளவிலேயே இசைத்தட்டு வெளியிடும் தேர்ச்சி பெற்றமைக்கு அக்குடும்பக் கல்வியே அடிப்படை. அந்த வீடுகளே இவ்விசையின் பல்கலைக்கழகம். அதனிடமிருந்து பெற்ற பட்டத்தைக் கொண்டு பிழைப்பவர், அவ்வீடுகள் இடிக்கப்படும்பொழுது தமக்குச் சம்பந்தமில்லை என்று சொல்வது முறையன்று. 2010ஆம் ஆண்டுக் கோடையிலே பிரெஞ்சு அரசு றோமாக் குடியிருப்புகளைக் கலைத்து, ஆயிரக்கணக்கானோரை ருமேனியாவுக்கும் பல்கேரியாவுக்கும் அனுப்பியது. ஜாங்கோ 1953ஆம் ஆண்டு இறக்குமுன் வாழ்ந்த சமுவா என்னும் ஆற்றங்கரை ஊரில் 1968 முதல் அவர் பெயரால் விழா எடுத்து வந்ததும் அதே நாடுதான். விழாவும் வெளியேற்றமும் ஒரே நாட்டில் உடன் நிகழலாம் என்பதே நம்மைச் சிந்திக்க வைக்கவேண்டும்.

ஆகவே கடன்கள் தெளிவானவை. யாரிடமிருந்து பெற்றோம் என்பதைச் சரியான பெயரால் சொல்லுதல்; மேடையையும் ஊதியத்தையும் அம்மக்களின் இன்றைய கலைஞரோடு பகிர்தல்; பொய்ச் சித்திரங்களை விளம்பரத்துக்கு விற்காதிருத்தல்; அவர்கள் துரத்தப்படும் நாளில் குடிமக்கள் என்ற முறையில் எதிர்த்துக் குரல் கொடுத்தல். இவற்றுள் முதல் மூன்றும் கலைஞனுக்குரியவை. நான்காவது, கேட்பவனுக்கும் உரியது. கைதட்டியவன் அனைவரும் கடன்பட்டவனே.

இசை சட்டத்தை மாற்றுமா என்று சிலர் கேட்கலாம். தனியே மாற்றாது. 1912ஆம் ஆண்டுச் சட்டம் 1969ஆம் ஆண்டில் வேறு சட்டமாக உருமாறியது. அவ்வுருமாற்றத்தின் எச்சமான நடமாட்ட ஏடுகள் முற்றாக ஒழிந்தது 2017ஆம் ஆண்டிற்றான். நூறாண்டுக்கு மேலாக எத்தனை ஆயிரம் கச்சேரிகள் நடந்திருக்கும்! ஏடுகளை ஒழித்தது கைதட்டலன்று. பாதிக்கப்பட்டோரும் அவர்களுடன் நின்றோரும் வழக்கு மன்றத்திலும் பாராளுமன்றத்திலும் தொடர்ந்து நடத்திய போராட்டமே. சமுதாய உறவுகள் மாறாமல் இரசனை மாத்திரம் மாறுவதால் மனிதனுக்கு விடுதலை கிட்டுவதில்லை.

எனினும் அவ்விசையின் அமைப்பிலேயே ஒரு பாடம் உண்டு. ஐவர் குழுவில் ஒருவர் தனித்து வாசிக்கும்பொழுது மற்றவர் தாளத்தைத் தாங்குவர். அவர் முடித்ததும் பின்னே வந்து தாளத்தைத் தாங்க, அடுத்தவர் முன்னே செல்வார். தாங்குபவர் இல்லையேல் தனி வாசிப்பு இல்லை. இவ்வொழுங்கை அரை மணிநேரம் மேடையிற் கடைப்பிடிக்கத் தெரிந்த இளைஞருக்கு, அதனை மேடைக்கு வெளியே கொண்டு செல்வது இயலாத காரியமன்று. இதுவரை தாங்கி நின்ற மக்கள் முன்னே வரவேண்டிய முறை இது. மற்றவர் சற்றுப் பின்னே நின்று தாளத்தைத் தாங்கட்டும்.