புழுவுக்கு எத்தனை அறிவு?

உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையால் வகுத்துக் காண்பது நம் ஆகம நெறி. தொல்காப்பிய மரபியலும் இவ்வாறே வகுத்துரைக்கும். உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரம் புழுவை ஈரறிவுக்கும், எறும்பை மூவறிவுக்கும், வண்டை நாலறிவுக்கும் சான்றாகக் காட்டுகிறது. அவ்வாறாயின், புழுவாய்த் தோன்றிப் பின் பட்டாம்பூச்சியாகும் உயிரை எவ்வகையில் சேர்ப்பது?

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டைப் பக்கத்து வேலியோர எருக்கஞ்செடிகளைச் சில நாட்கள் உற்று நோக்கினோம். இளந்தளிரில் மஞ்சள் நிற அசுவினிகள் மொய்த்திருந்தன. அவை சுரக்கும் இனிய நீரை எறும்புகள் உண்டன. கருவண்டு பூவுக்குப் பூ சென்றது. இலையடியில் கருமையும் வெண்மையும் மஞ்சளும் கலந்த பட்டைகளும், மூன்று இணைக் கரிய கொம்புகளும் உடைய புழு ஒன்று இருந்தது. அது வெந்தய வரியன் என்னும் பட்டாம்பூச்சியின் இளம்பருவம். வட அமெரிக்காவிலிருந்து மெக்சிகோ மலைக்காடுகளுக்கு வலசை போகும் மோனார்க் பட்டாம்பூச்சி இதற்கு நெருங்கிய உறவு. அதன் புழுவும் எருக்கின் குடும்பத்துப் பால்செடிகளையே உண்ணும். எருக்கம்பாலின் நஞ்சே இதற்குக் காவல். நான்கு முறை தோலுரித்து, கூட்டுப்புழுவாகி, பின் சிறகு பெறும்.

ஓர் உயிர் எத்தனை புலன்களோடு பிறக்கும் என்பதை வரையறுப்பது சாதி நாமகர்மம். அப்பிறவி முடியுமட்டும் அது மாறுவதில்லை. ஊர்வதும் பறப்பதும் இங்கே ஒரே பிறவி; இடையில் மரணம் இல்லை. ஆகவே இது தொடக்கமுதலே நாலறிவுயிர். உயிரியலும் இதற்கு இசைகிறது. இப்புழுவின் தலையில் பக்கத்திற்கு ஆறு எளிய கண்கள் உள. குறுகிய உணர்கொம்புகளால் மணம் அறியும். சுவையறிந்து இலையைத் தேரும்.

இதனால் நாம் பெறும் படிப்பினை யாது? முருங்கையில் கம்பளிப்பூச்சி மொய்த்தால் தீப்பந்தத்தால் பொசுக்குவதும், கறிவேப்பிலையில் புழு கண்டால் நசுக்குவதும் ஊர்வழக்கம். "வெறும் புழுதானே" என்னும் சொல் நம் இல்லங்களிலும் ஒலிக்கிறது. அவையும் சிறகு பெறவிருக்கும் உயிர்களே. ஈரறிவே உடையன என்று கொண்டாலும், இயங்குயிர் எதனையும் எண்ணிக் கொல்லாமையே இல்லறத்தார்க்குரிய அணுவிரதம். உழவிலும் தொழிலிலும் தவிர்க்க இயலாத இம்சை நேர்வதை ஆன்றோர் தனியே வகுத்தனர். ஆயினும் தவிர்க்க முயலாதவர் அதனைத் துணைக்கழைத்தல் தகாது.

அறிவுகளை எண்ணிக் காட்டியது நம் கருணை விரிவதற்கே. இன்னதைக் கொன்றால் இவ்வளவே பாவம் என்று கணக்கிட்டு அமைதியுறுவதற்கு அன்று. கண்முன் ஊரும் உயிரின் நிலையை அதன் தோற்றத்தைக் கொண்டு நம்மால் துணிய முடியாதபோது, கையை நிறுத்திக்கொள்வதே அறிவுடைமை. கறிவேப்பிலைச் செடியில் இரண்டு கொத்துகளைப் புழுவுக்கென விட்டுவைப்பதால் நம் வீட்டுக் குழம்பின் மணம் குறைந்துவிடாது.