திருச்சி சொல்லும் பாடம்: மீறப்பட்ட மூன்று வாக்குறுதிகள்

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

அன்பிற்கினிய அல்லாஹ்வின் நல்லடியார்களே! முதலில் எனக்கும் பிறகு உங்களுக்கும் தக்வாவை உபதேசித்து இந்த உரையைத் துவங்குகிறேன்.

இஸ்லாமியத் தலைநகரம் என்றதும் நமக்கு பக்தாத் நினைவுக்கு வரும். கி.பி. 762-இல் கலீஃபா மன்சூர் அதைக் கட்டத் தொடங்கினார். சுமார் 500 ஆண்டுகள் அறிவுக்கும் வணிகத்துக்கும் அது பெயர் பெற்று விளங்கியது. 1258-இல் ஹுலாகுவின் படை அதை அழித்தது. வெற்றியும் தோல்வியும் கலந்த நாட்களை மனிதர்களுக்கிடையே மாறி மாறி வரச் செய்வதாக அல்லாஹ் ஆல இம்ரான் அத்தியாயத்தின் 140-ஆம் வசனத்தில் கூறுகிறான்.

ஆனால் இந்தப் பாடத்தைப் படிக்க பக்தாத் வரை போக வேண்டியதில்லை. நாம் வாழும் திருச்சியும் ஒரு காலத்தில் அரசர்களும் நவாபுகளும் இருந்து ஆண்ட ஊர்தான். தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் இன்று அருங்காட்சியகமாக இருக்கிறதே, ராணி மங்கம்மாள் மஹால், அதைத் தினமும் கடந்துபோகிறோம். அந்த அரியணைக்காக 1736 முதல் 1754 வரை நடந்தவற்றை இன்று நினைவுகூர்வோம்.

கண்ணியத்திற்குரியவர்களே! 1732-இல் நாயக்க மன்னர் விஜயரங்க சொக்கநாதர் இறந்தபின், அவருடைய மனைவி ராணி மீனாட்சி ஆட்சிக்கு வந்தார். குடும்பத்துக்குள்ளேயே போட்டி எழுந்தது. ராணி, ஆற்காடு நவாப் தோஸ்த் அலி கானின் மருமகனான சந்தா சாஹிபின் உதவியை நாடினார். துரோகம் செய்ய மாட்டேன் என்று சந்தா சாஹிப் குர்ஆன் மீது சத்தியம் செய்து கொடுத்ததாக வரலாற்றில் எழுதப்பட்டுள்ளது. அது குர்ஆனே அல்ல, பட்டுத்துணியில் சுற்றிய செங்கல் என்று ஒரு செய்தியும் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. 1736-இல் அவர் கோட்டையைக் கைப்பற்றி ராணியைச் சிறை வைத்தார். ராணி நஞ்சருந்தி உயிர்விட்டார். அத்தோடு நாயக்கர் ஆட்சி முடிந்தது.

துணிக்குள் இருந்தது செங்கல்தான் என்றே வைத்துக்கொள்வோம். அதனால் சந்தா சாஹிப் தப்பிவிடுவாரா? நம் மார்க்கத்தில் அந்த வழி அடைக்கப்பட்டுவிட்டது. எதிரில் இருப்பவர் எந்தப் பொருளில் உன்னை நம்புகிறாரோ அந்தப் பொருளில்தான் உன் சத்தியம் கணக்கிடப்படும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. ராணி அதைக் குர்ஆன் என்று நம்பினார். ஆகவே அது முழுச் சத்தியம். அதை மீறியது முழுத் துரோகம்.

அவர் முஸ்லிம் அல்லாதவர்தானே என்று யாராவது கேட்கலாம். ஹுதைபிய்யாவைப் பாருங்கள். மக்காவிலிருந்து வருபவரைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று குறைஷிகளோடு பேசி முடித்த நேரம். அபூஜந்தல் (ரலி) அவர்கள் சங்கிலியோடு தள்ளாடியபடி வந்து நின்றார்கள். சஹாபாக்கள் கலங்கினார்கள். ஆனாலும் கொடுத்த வாக்குக்காக நபி (ஸல்) அவர்கள் அவரைத் திருப்பி அனுப்பினார்கள்.

பத்ருக்கு முன்பும் இப்படி ஒன்று நடந்தது. ஹுதைஃபா (ரலி) அவர்களையும் அவர்களின் தந்தையையும் குறைஷிகள் வழியில் பிடித்து, போரில் கலந்துகொள்ளக் கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டு விட்டார்கள். முஸ்லிம்களின் எண்ணிக்கை முந்நூற்றுச் சொச்சம்தான். ஒவ்வொரு ஆளும் தேவைப்பட்ட நேரம். அப்படியிருந்தும், வாக்கைக் காப்போம், உதவியை அல்லாஹ்விடம் கேட்போம் என்று சொல்லி நபி (ஸல்) அவர்கள் இருவரையும் போருக்கு வர விடவில்லை. இதுவும் முஸ்லிமில் உள்ள செய்தி.

சகோதரர்களே! சந்தா சாஹிபின் கதை அதோடு முடியவில்லை. ஐந்து ஆண்டுகள்கூட அந்தக் கோட்டை அவரிடம் முழுதாக நிலைக்கவில்லை. 1741-இல் மராத்தியர்கள் திருச்சியைப் பிடித்து அவரை சதாராவுக்குக் கைதியாகக் கொண்டு போனார்கள். விடுதலையாகி வந்து, பிரெஞ்சுக்காரர்களின் துணையோடு மீண்டும் திருச்சியை முற்றுகையிட்டார். கோட்டைக்குள் இருந்தவர் முஹம்மத் அலி வாலாஜா, அவருக்குத் துணை ஆங்கிலேயர். இரண்டு முஸ்லிம்கள் ஒரு கோட்டைக்காக மோதினார்கள், இருவர் முதுகுக்குப் பின்னாலும் அந்நியர்கள் நின்றார்கள்.

1752-இல் நிலைமை தலைகீழானது. சந்தா சாஹிபும் பிரெஞ்சுப் படையும் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஸ்ரீரங்கம் தீவில் சிக்கிக்கொண்டார்கள். மக்கள் வணங்கும் ஸ்ரீரங்கம் கோயிலும் திருவானைக்காவல் கோயிலும் படைகளின் அரண்களாக்கப்பட்டன. தப்ப வழியில்லாமல், தஞ்சாவூர்த் தளபதி ஒருவரிடம் சந்தா சாஹிப் உயிருக்குப் பாதுகாப்புக் கேட்டார். அவரும் சத்தியம் செய்து கொடுத்தார். அதை நம்பி அவரிடம் சென்ற சந்தா சாஹிபின் தலை துண்டிக்கப்பட்டது.

சுப்ஹானல்லாஹ்! சத்தியத்தை மீறிக் கோட்டைக்குள் நுழைந்தவர், சத்தியம் மீறப்பட்டு உயிரிழந்தார். இடையில் பதினாறு ஆண்டுகள்தான். இதுதான் அவருக்கான தண்டனை என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு அதிகாரமில்லை. அந்தக் கணக்கு அல்லாஹ்விடம் இருக்கிறது. படிப்பினை பெறுவது மட்டுமே நம் வேலை.

வென்ற வாலாஜாவாவது வாக்கைக் காத்தாரா? உதவிக்கு வந்தால் திருச்சியையே தருகிறேன் என்று மைசூர் தளபதி நஞ்சராஜருக்கு அவர் வாக்களித்திருந்தார். வெற்றி கிடைத்ததும் மறுத்தார். ஏமாந்த நஞ்சராஜர் பிரெஞ்சுக்காரர்கள் பக்கம் போனார். போர் 1754 வரை நீண்டது. நம் ஊரைச் சுற்றியிருந்த விவசாயிகளும் சாதாரண மக்களும் அதற்கு விலை கொடுத்தார்கள்.

ஒருவர் சொல்லை ஒருவர் நம்ப முடியாத இடத்தில் மூன்றாமவர் ஆள வருவார். வாலாஜா ஆங்கிலேயரிடம் பெரும் கடனில் மூழ்கினார். 1795-இல் சென்னையில் காலமான அவர் நம் ஊர் நத்ஹர் வலி தர்காவில் அடக்கமாகியிருக்கிறார். அவருக்குப் பின் ஆறே ஆண்டுகளில், 1801-இல், கர்நாடகத்தின் ஆட்சி முழுவதும் கம்பெனியின் கைக்குப் போனது. 1855-இல் நவாப் பட்டமும் நிறுத்தப்பட்டது.

அன்பானவர்களே! ராஜாக்களின் கதை நமக்கெதற்கு என்று நினைக்காதீர்கள். நம்மிடம் கோட்டை இல்லை, ஆனால் வாக்கு இருக்கிறது. காந்தி மார்க்கெட்டில் சரக்கெடுத்து வெள்ளிக்கிழமை பணம் தருகிறேன் என்று சொல்கிறோம். ஒத்திப் பணத்தை வீடு காலி செய்த அன்றே தருகிறேன் என்கிறோம். ஜமாஅத் முன்னிலையில் மஹர் எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். வெளிநாட்டு வேலை வாங்கித் தருவதாக ஏழை வீட்டுப் பிள்ளையிடம் பணம் வாங்குகிறோம். அவனுடைய தாய் அதற்காக நகையை அடகு வைத்திருப்பாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வர மனமில்லாத இடத்துக்கும், கொடுக்க எண்ணமில்லாத பணத்துக்கும் நாம் என்ன சொல்கிறோம்? "இன்ஷா அல்லாஹ்" என்கிறோம். அல்லாஹ்வின் நாட்டத்தை முன்னிறுத்தும்படி கஹ்ஃப் அத்தியாயத்தில் நமக்குக் கற்றுத்தரப்பட்ட சொல் அது. உள்ளே பொய்யை வைத்து அந்தச் சொல்லால் மூடினால், அதுவும் பட்டுத்துணியில் சுற்றிய செங்கல்தானே! "பாய் இன்ஷா அல்லாஹ் சொன்னால் நடக்காது" என்று பக்கத்துக் கடைக்கார சகோதரர் கேலி செய்யும் நிலை வந்தால், அந்தப் பழி யாரைச் சேரும்?

வாக்குறுதி பற்றி மறுமையில் விசாரணை உண்டு என்று இஸ்ரா அத்தியாயத்தின் 34-ஆம் வசனம் எச்சரிக்கிறது. வாக்கு மாறுவதை நயவஞ்சகனின் அடையாளங்களில் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எண்ணினார்கள். துரோகம் செய்தவன் மறுமையில் ஒரு கொடியால் அடையாளம் காட்டப்படுவான் என்றும் எச்சரித்தார்கள். இவை புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளவை.

அந்தக் கோட்டைக்காகச் சண்டையிட்ட படைகள் போய்விட்டன, கஜானாவும் போய்விட்டது. ஜமால் முஹம்மது சாஹிபும் காஜாமியான் ராவுத்தரும் நிறுவிய கல்லூரி 1951 முதல் இன்று வரை எல்லாச் சமூகப் பிள்ளைகளுக்கும் கல்வி தந்துகொண்டிருக்கிறது. அரியணை ஏறாத இருவர் இந்த ஊரில் விட்டுச் சென்றது அது.

இன்று தொழுதுவிட்டு வீடு திரும்பியதும் ஒரு தாளை எடுங்கள். யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தோம் என்று எழுதுங்கள். முடிந்ததை இந்த வாரமே நிறைவேற்றுங்கள். முடியாததற்கு நேரில் போய் உண்மையைச் சொல்லி அவகாசம் கேளுங்கள். அவர் எந்த மதத்தவராக இருந்தாலும் சரி.

யா அல்லாஹ்! எங்கள் நாவையும் உள்ளத்தையும் ஒன்றாக்குவாயாக. வாக்கைக் காப்பவர்களாக எங்களை வாழச் செய்து, அதே நிலையில் மரணிக்கச் செய்வாயாக. நாங்கள் வாழும் இந்த ஊரையும் இதன் மக்கள் அனைவரையும் அமைதியோடு வைப்பாயாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.