வெறும் பெட்டியின் விலை

உண்ட இனிப்பு அன்றே தீர்ந்துவிடுகிறது. அது வந்த தகரப்பெட்டியோ மூன்று தலைமுறை வாழ்கிறது. வண்ண ஓவியம் பொறித்த பழைய மிட்டாய்ப் பெட்டிகளையும் பிஸ்கட் பெட்டிகளையும் தேடித் தொகுப்போர் இன்று உலகெங்கும் உளர். பெட்டியைப் பேணுவது நற்பண்பே. ஆயின், அதனை அடையும் வழியும் அறத்தின்பாற்பட்டதா என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா.

உணவைத் தகரக் கலத்தில் அடைத்துக் காக்கும் முறைக்கு இங்கிலாந்தில் பீட்டர் டியூராண்ட் 1810இல் காப்புரிமை பெற்றார். ரெடிங் நகரத்து ஹன்ட்லி அண்டு பால்மர்ஸ் நிறுவனம் 1868இல் ஓவியம் அச்சிட்ட பெட்டியை வெளியிட்டது. வன்மையான தகட்டின்மீது அச்சுக்கல்லை நேரே பதித்தல் அரிது. கல்லில் உள்ள மையை ஓர் உருளை ஏற்றுத் தகட்டில் ஒற்றும் முறைக்கு 1875இல் இராபர்ட் பார்க்லே காப்புரிமை பெற்றார்; அதன்பின் வண்ணப் பெட்டிகள் பெருகின. நம் நாட்டிலும், சிந்து மாநிலத்துச் சுக்கூரில் தோன்றி, பிரிவினைக்குப்பின் குவாலியருக்குப் பெயர்ந்த மங்காராம் நிறுவனத்தின் பிஸ்கட் பெட்டிகள் தெய்வத் திருவுருவங்களைத் தாங்கி இல்லந்தோறும் புகுந்தன.

1809இல் பெங்களூரில் தண்டு அமைந்த காலந்தொட்டுப் படைவீரராகவும் கொத்தராகவும் வணிகராகவும் வந்து குடியேறிய தமிழர் பலர். அல்சூரிலும் சிவாஜி நகரிலும் அவர்தம் சிறு வீடுகளில் இத்தகைய பெட்டியே பேழையாயிற்று. பொத்தானும் நூலும் ஒன்றில். குடும்ப அட்டையும் வாடகைச் சீட்டும் மற்றொன்றில். ஊரிலிருந்து வந்த கடிதங்கள் வேறொன்றில்.

அத்தகைய வீட்டு மூதாட்டி ஒருத்தி, பழைய இரும்பு வாங்குபவனிடம் போடவிருந்த பெட்டியைத் தொகுப்பாளர் ஒருவர் கேட்கிறார் எனக் கொள்வோம். அவளுக்கு அது தகரம், அவருக்கோ அரும்பொருள். தாம் அறிந்த மதிப்பை அவர் சொல்லக் கடமைப்பட்டவரா?

“அறிவும் தேடி அலைந்த உழைப்பும் என்னுடையவை, அவற்றின் ஊதியமே இந்த இலாபம்” என்று அவர் கூறலாம். விலையறிந்த இரு வணிகரிடையே அது பொருந்தும். இங்கே பொருந்தாது. அப்பெட்டிக்கு மதிப்பைத் தந்தது எது? அரை நூற்றாண்டாகத் துருப்பிடியாமல், ஓவியம் சிதையாமல் அது காக்கப்பட்டமையே. அவ்வாறு காத்தவை அவள் கைகள். எனவே, அவர் மறைக்கும் விலையின் பெரும்பகுதி அவளது உழைப்பின் பயனேயாகும். மற்றவர் கூலியை அவர் அறியாமலே எடுத்துக்கொள்வதை அறம் எங்ஙனம் ஒப்பும்? வணிகத்தின் நெறியை நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதியில் வள்ளுவர் வைத்தமை ஈண்டு எண்ணத்தக்கது.

இனிப்புப் பெட்டிக்கு இவ்வளவு அறவிசாரணையா எனச் சிலர் நகைக்கலாம். 1900ஆம் ஆண்டுப் புத்தாண்டுப் பரிசாகத் தென்னாப்பிரிக்கப் போர்க்களத்து வீரர்க்குச் சாக்லேட் அனுப்ப விக்டோரியா அரசியார் விரும்பினார். அதனைச் செய்துதர வேண்டிய கேட்பரி, ஃப்ரை, ரௌன்ட்ரீ நிறுவனத்தாரோ போரை வெறுக்கும் குவேக்கர் நெறியினர். சாக்லேட் தர இசைந்தனர். ஆயினும் தம் பெயரைப் பெட்டியில் பொறிக்கத் தயங்கினர். வீரர் பலர் இனிப்பை உண்டபின் பெட்டியைப் போற்றிக் காத்தனர். அரசியாரின் உருவத்தை மட்டும் காண்பவர்க்கு அந்தத் தயக்கம் புலப்படாது. இனிப்பு போய்ச்சேரும் வழியைப் பற்றி அன்று மனச்சான்று பேசியதெனில், வெறும் பெட்டி நம் கைக்கு வரும் வழியைப் பற்றியும் அது பேசுதல் தகும்.

ஆதலின், தொகுப்பாளர் உண்மை விலையைச் சொல்லட்டும். விற்பதும் மறுப்பதும் அவள் உரிமையாகட்டும். அவள் இசைந்தால், அவ்வீட்டில் அப்பெட்டி எதைக் காத்தது என்பதையும் கேட்டு எழுதி அதனுள் வைக்கட்டும். சில பொருள்களையே சுமந்து வேற்றூர் வந்து வாழ்வமைத்த நம் முன்னோர்க்கு நாம் செய்யும் சிறு நன்றி அது. நேர்மையாய் வந்த பெட்டி வெறுமையாய் இருப்பினும் நிறைந்ததே!